பொமரேனியனின் நெஞ்சுத்துடிப்பும் ஆடி மாத மைக் செட்டும்

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் கிடையாது. வயசானால் மனசு ஆறிவிடும் என்று சொல்கிறார்களே, அதெல்லாம் சும்மா. எனக்கு வயசு ஏற ஏறத்தான் கோபம் நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கிறது.

கால்நடை மருத்துவம் முடித்த கையோடு, எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூரில் ஒரு தனியார் நாய் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதை நடத்தியவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லக்கூடாது, ஆளுக்குக் கை வேகம். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் ஒரு நாயின் கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுத் தையலும் முடித்துவிடுவார். அந்த வேகத்தில்தான் அவருக்குக் கர்வம் எல்லாம். நாய் எழுந்திருக்குமா என்பது அவரைப் பொறுத்தவரை நாயின் பாடு.

எங்கோ ஒரு நர்சிங் ஹோம் மூடியபோது அங்கிருந்த மயக்க மருந்து மெஷினை வாங்கி வந்து வைத்திருந்தார். அப்போதெல்லாம் நாய்க்கு ஆபரேஷன் என்றால் ஊசிதான். கேஸ் கொடுத்து மயக்கம் போடுகிற இடம் அந்தப் பக்கத்தில் வேறெங்கும் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி கண்ணாடி ஜன்னலை ஒட்டி அதை நிறுத்தியிருந்தார். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. ஆனால் அதை ஓட்டுகிற வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.

விளக்கிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் புரியாது. ஹாலோத்தேன் என்கிற மயக்க மருந்து ஒரு திரவம். அதன் மேலே ஆக்சிஜனை ஓட விட்டால் அதன் ஆவியைச் சேர்த்துக்கொண்டு போகும். நாயின் மூச்சுக்குழாயில் ஒரு டியூபைப் போட்டு அந்தக் காற்றை உள்ளே அனுப்ப வேண்டும். கூட்டவும் குறைக்கவும் மெஷினில் ஒரு டயல் இருக்கும், அளவு மிஞ்சினால் நெஞ்சுத்துடிப்பே நின்றுவிடும். பெரிய அல்சேஷன் நாய் என்றால் டயல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்கிக்கொள்ளும். பொமரேனியன் அப்படி இல்லை. ஆள்தான் பஞ்சுப்பொதி மாதிரி பெருசாகத் தெரியும், குளிப்பாட்டிப் பாருங்கள், உள்ளே ஒரு பூனைதான் இருக்கும். அத்தனை சின்ன நுரையீரலுக்கு மனுஷ மெஷினின் தடித்தடிக் குழாய்கள் ஆகவே ஆகாது. அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஒல்லிக் குழாயும், நாய் மூச்சு விட விட உப்பிச் சுருங்குகிற, கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் பையும் நானே தேடிப்பிடித்து மாட்டினேன்.

அதற்குப் பிறகு நாயின் தலைமாட்டில் ஒரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். இப்போது பீப் பீப் என்று கத்துகிற பெட்டிகள் வந்துவிட்டன. அன்றைக்கு எங்களுக்கு விரலும் கண்ணும் காதும்தான். ஈறை அழுத்தி விட்டால் வெள்ளையாகி உடனே சிவக்க வேண்டும். தாடை தொய்ந்திருக்கிறதா, இமையைத் தொட்டால் அசைகிறதா, தொடை இடுக்கில் நாடி எப்படி ஓடுகிறது, எல்லாம் பார்க்க வேண்டும். சின்ன நாய் வயிற்றைத் திறந்ததும் சில்லிட்டுப் போகும், அதனால் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி இரண்டு பக்கமும் வைப்பேன். உணவுக்குழாய் வழியாக ஒரு மெல்லிய ரப்பர் குழாயை நெஞ்சு வரைக்கும் இறக்கி, அதன் மறுமுனையை ஸ்டெதாஸ்கோப்பில் மாட்டிக் காதில் வைத்துக்கொள்வேன். ஆபரேஷன் முடிகிற வரைக்கும் அந்த லப்டப் சத்தத்தை விட்டு என் காது நகராது.

பெரிய டாக்டருக்கு இதைப் பார்த்தாலே சிரிப்பு. "தலமாட்ல குந்திகினு இன்னாம்மா பண்ணிகினு கீற? ஒப்பாரியா?" என்பார். கம்பவுண்டரும் கூடச் சிரித்துவைப்பார். சம்பளம் கொடுக்கிறவர் சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும், பாவம்.

தெருமுனையில் ஒரு அம்மன் கோவில். ஆடி வந்தால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூழ் ஊற்றுவார்கள். விழாக் கமிட்டிக்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? நம்ம பெரிய டாக்டர்தான். மைக் செட்டுக்குக் கரண்டே எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்துதான் போகும். ஆபரேஷன் ரூம் ஜன்னல் ஓரத்து பிளக்கில் ஒயரைச் செருகி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, எதிர் விளக்குக் கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்கள். அதன் வாய் நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்திருக்கும். அம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்களும் அந்தப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர்கள்தான், எங்கள் வீட்டிலும் வருஷா வருஷம் கூழ் ஊற்றுவோம். எனக்கு ஆகாதது அந்தக் குழாய். அது பாட ஆரம்பித்தால் மேசை மேல் வைத்த கத்தரிக்கோல் நடுங்கும்.

அப்படி ஒரு ஆடி ஞாயிற்றுக்கிழமைதான் அந்த டீச்சர் வந்தார். ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டில் தனியாக இருந்தவர், பள்ளிக்கூட ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு சர்ச்சுக்குக்கூடப் போகாமல் வந்திருந்தார். துண்டில் சுற்றி ஒரு வெள்ளைப் பொமரேனியன். கர்ப்பப்பையில் சீழ் வைத்து நாய் துவண்டு கிடந்தது. தள்ளிப்போட முடியாத ஆபரேஷன். நாயைப் பெரிய டாக்டரிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். "கொஞ்சம் பார்த்துக்கம்மா, அவ ரொம்பப் பயந்தவ" என்றார்.

வயிற்றைத் திறக்கிற வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு வெளியே பாட்டைப் போட்டார்கள். என் காதிலிருந்த துடிப்பு அப்படியே காணாமல் போய்விட்டது. உடுக்கையும் பம்பையும்தான் கேட்கிறது. தொடை நாடியைத் தேடினேன், சீழ் பிடித்த நாய்க்கு அது ஏற்கெனவே நூல் மாதிரி இருந்தது, இப்போது விரலுக்கே சிக்கவில்லை. ஈறை அழுத்தினேன், சிவப்பு திரும்பி வருவதற்கு நேரமானது.

"சார், நிறுத்துங்க. எனக்கு ஹார்ட் கேக்கல. கேஸை மூடிட்டு வெறும் ஆக்சிஜன் விடறேன். அந்த மைக் செட்டை ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்று கத்தினேன்.

"இன்னா, நாய்க்குப் பாட்டு புடிக்கலியா?" என்றார். கர்ப்பப்பையைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் நாயின் பின்னங்கால் லேசாக அசைந்தது. "பாத்தியா, ஆடுது. நீ மூடினா இன்னும் ஆடும்" என்று சொல்லி, ரத்தக் கிளவுஸோடு கையை நீட்டி டயலை அவரே மேலே திருப்பிவிட்டார். நான் திருப்பிக் கீழே கொண்டுவந்தேன். "கைய எடு!" என்று ஒரு அதட்டு. அந்த இழுபறிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனது. நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ரப்பர் பை அசையவே இல்லை.

அதோடு விட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. நாய்கள் சாகும், இந்தத் தொழிலில் அது தெரியும். அந்த ஆள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய், பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது டீச்சரிடம் சொன்னார்: "என் வேல கரெக்டாத்தான் போச்சு மிஸ். கேஸ் குடுத்தது இந்தப் பொண்ணு. வேலைக்குப் புச்சு. கொஞ்சம் ஜாஸ்தி வெச்சிடுச்சி."

அடப்பாவி! நான் கத்தினேன். பாட்டு சத்தம், டயலைத் திருப்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். "பயத்துல உளறுது, உடுங்க. சின்னப் பொண்ணு, பாவம்" என்று எனக்காகப் பரிந்து பேசினார் அவர்! டீச்சர் என்னைத்தான் பார்த்தார். "உன்கிட்டதானேம்மா குடுத்தேன்" என்றார். துண்டோடு நாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே வேலையை விட்டேன். கேஸ் வைத்து நாயைக் கொன்ற பொண்ணு என்று அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் என் பேர் நாறிப்போனது. வீட்டில் கல்யாணம் செய்துவைத்துவிடலாம் என்று பேச்செடுத்தார்கள். முடியாது என்று ஒற்றைக் காலில் நின்று, ஆவடி ரோட்டில் ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரு ரூமைப் பிடித்துச் சொந்தமாக ஆரம்பித்தேன். ஓட்டை உடைசலாக ஒரு மெஷினையும் சேர்த்துக்கொண்டேன். ஆபரேஷன் நடக்கும்போது பக்கத்துக் கடைக்காரர் சுத்தியலைக்கூடத் தூக்கமாட்டார், அப்படிச் சொல்லிவைத்திருந்தேன்.

பெரிய டாக்டரை நான் மறக்கவில்லை. அவர் கைகழுவி, கிளவுஸ் மாட்டி முடித்த நொடியில் மூக்கு அரிக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்வேன். மழைக்காலத்தில் பாடி பாலத்துக்கு நடுவில் அவர் ஸ்கூட்டர் நின்றுபோக வேண்டும் என்றும் வேண்டிக்கொள்வேன். என்னிடம் மயக்கம் போட்டு, நல்லபடியாக எழுந்து, வாலாட்டிக்கொண்டு போகிற ஒவ்வொரு பொமரேனியனின் சொந்தக்காரரிடமும், "அம்பத்தூர் பக்கம் போனா அந்த ஆஸ்பத்திரி வாசல்ல கொஞ்சம் நிறுத்தி இதைக் குரைக்க விடுங்க" என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன்.

ஆனால் எத்தனை நாய் எழுந்து நடந்து என்ன? அந்த டீச்சர் ஒருத்தர் நம்பவில்லையே. ஆவடி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்னொரு பொமரேனியன் வாங்கியிருக்கிறார், அதற்கு ஊசி போடக்கூட என் ரூமைத் தாண்டி அம்பத்தூருக்குத்தான் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கொன்றவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறாரே என்று வயிறு எரியும். என் பேர் போனது ஒரு பக்கம், அந்தப் பொம்பளை கண்ணில் நான் கொலைகாரியாக இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சில வருஷம் கழித்து, மறுபடியும் ஒரு ஆடி ஞாயிறு. என் ரூம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. எதிரே தீச்சட்டி ஊர்வலம் போய்க்கொண்டிருந்ததால் நின்றது, எனக்காக இல்லை. உள்ளே டீச்சர். மடியில் பொமரேனியன், வயிறு உப்பி, முக்கி முக்கி ஓய்ந்து கிடந்தது. துண்டில் பச்சையாகக் கறை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, குட்டி மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு பெரிய தெருநாயின் வேலை. உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும்.

ஓடிப்போய் ஆட்டோ கம்பியைப் பிடித்தேன். "மிஸ், இங்கேயே இறக்குங்க. இதுக்கு மேல தாங்காது."

என்னைப் பார்க்காமலே டிரைவரிடம், "நீ வண்டியை எடுப்பா" என்றார். ஆட்டோ போய்விட்டது.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! ஆடி ஞாயிறு, அதே ஆபரேஷன் ரூம், அதே குழாய் ஸ்பீக்கர், அதே கை. இன்னொரு நாயும் சாகும், இந்த முறை பழி போட ஆள்கூட இல்லை, அந்த ஆள் நாயின் மேலேயே போட்டுவிடுவார். என் ரூமைப் பூட்டினேன். பையில் ஒல்லிக் குழாயையும் ஸ்டெதாஸ்கோப்பையும் அள்ளிப் போட்டுக்கொண்டு மொபெட்டில் ஆட்டோவின் பின்னாலேயே விரட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது பாட்டு தெருவையே தூக்கிக்கொண்டிருந்தது. வாசலில் அதே கம்பவுண்டர், தலை நரைத்திருந்தது. "அய்யோ, நீயாம்மா! உள்ள போவாதம்மா, டாக்டர் கத்தியெடுக்கப் போறாரு" என்றார். ஒதுக்கிவிட்டு நடந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக ஆபரேஷன் ரூமுக்குள் போனேன். மேசை மேல் நாய் மல்லாந்து கிடந்தது. ஊசி போட்டு, வயிற்றில் முடியைச் சிரைத்திருந்தார்கள். தலைமாட்டில் யாரும் இல்லை.

"இத்த யாரு உள்ள உட்டது?" என்று பெரிய டாக்டர் சீறினார்.

"என் நாயைத் தொடாதே!" என்று டீச்சரும் கத்தினார். அவர் என்னைப் பார்த்துத்தான் கத்தினார்.

"தொடமாட்டேன் மிஸ். நீங்களே தொடுங்க." ஸ்டெதாஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, மறுமுனையை அவர் கையிலேயே கொடுத்தேன். "இடது பக்கம், முன்னங்காலுக்குப் பின்னாடி வையுங்க. என்ன கேக்குது?"

வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "ஒண்ணும் கேக்கலையே. பாட்டுதான் கேக்குது. அய்யோ, இவளும் போயிட்டாளா?"

ஜன்னலுக்குப் போய் மைக் செட் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். பிளக் தெறித்துக் கீழே விழுந்தது. தெருவே நிசப்தம்.

"இப்ப?"

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஓடுது" என்றார். "ஓடுதும்மா. வேகமா ஓடுது." கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். பிறகு மெதுவாக ஜன்னலைப் பார்த்தார், கீழே கிடந்த ஒயரைப் பார்த்தார், கடைசியில் பெரிய டாக்டரைப் பார்த்தார். "அன்னைக்கும் இது பாடிக்கிட்டுத்தானே இருந்தது?" என்றார்.

பெரிய டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கமிட்டி ஆட்கள் கதவை இடித்தார்கள். "எவன்டா கரண்ட்ட புடுங்கினது? ஆத்தா கோச்சிக்கப் போறா!"

"ஆத்தாவுக்கு உங்க குழாய் இல்லாமலே காது நல்லாக் கேக்கும், போங்கய்யா" என்றேன். அவர்கள் அசையவில்லை. அப்போது டீச்சர் திரும்பினார். காலமெல்லாம் வகுப்பை அடக்கிய குரல் அது. "எல்லாரும் வாயை மூடுங்க! இங்க ஒரு உயிர் கிடக்குது. இது முடியற வரைக்கும் ஒரு சத்தம் கேக்கக் கூடாது, வெளியே போய் உட்காருங்க!" மீசை வைத்த ஆம்பளைகள் அத்தனை பேரும் அப்படியே போய் வாசலில் உட்கார்ந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குப் போல் நான் என்றைக்கும் சந்தோஷப்பட்டதில்லை.

"நீ தலைமாட்டில உட்காரும்மா" என்றார் டீச்சர் என்னிடம்.

உட்கார்ந்தேன். மெஷினின் தடிக் குழாய்களைக் கழற்றிவிட்டு என் ஒல்லிக் குழாயை மாட்டினேன். டியூபை இறக்கி, டயலைக் குறைவாக வைத்தேன். தாய்க்குப் போகிற கேஸ் குட்டிக்கும் போகும் இல்லையா, கூட்டினால் குட்டிகள் மூச்சே விடாது. "ஆரம்பிக்கலாம் சார்" என்றேன். அவர் ஆரம்பித்தார். என் விரலடியில் தொடை நாடி தளர்ந்தபோதெல்லாம் "நிறுத்துங்க" என்றேன், நிறுத்தினார். "இழுக்காதீங்க" என்றேன், இழுக்கவில்லை. தேவைப்பட்ட இடத்தில் மட்டும்தான் சொன்னேன், ஆனால் வாசலில் இருக்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் நெற்றியில் வேர்வை சொட்டியது. துடைத்துவிட எனக்குக் கை ஒழியவில்லை.

மாட்டிக்கொண்டிருந்த பெரிய தலைக் குட்டி செத்துத்தான் வந்தது. மற்றவற்றைக் கம்பவுண்டர் துண்டில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொன்றாகக் கீச்சென்று கத்தவைத்தார். டீச்சர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கேஸை மூடி ஆக்சிஜனை மட்டும் விட்டேன். நாய் எச்சில் முழுங்க ஆரம்பித்ததும் டியூபை உருவினேன். தலையைத் தூக்கி, டீச்சரின் புடவை முந்தானையை முகர்ந்து பார்த்தது.

வராந்தாவில் நாயை மடியில் போட்டுக்கொண்டு டீச்சர் உட்கார்ந்தார். பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்தார். "அன்னைக்கு டயலைத் திருப்பினது நீங்கதானே?" என்று கேட்டார் டீச்சர்.

"அது பழைய கதை மிஸ், இப்ப இன்னாத்துக்கு? நாய் பொழச்சிகிச்சி இல்ல?" என்றார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஒண்ணு தெரியுமா? அவ செத்த நாளிலிருந்து ஒரு ஜெபம் விடாம உன்னைச் சொல்லித்தான் கேட்டேன். உன் கை விளங்காமப் போகணும், நீ தொட்டது எதுவும் துலங்கக் கூடாதுன்னு முழங்கால் தேயத் தேய வேண்டிக்கிட்டேன்" என்றார்.

தனியாக நான் ஒருத்திதான் வன்மத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கோபப்படவும் முடியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நான் இன்னும் நன்றாகச் சபித்திருப்பேன்.

"அத்தனையும் வீணாப் போச்சே" என்றார் டீச்சர். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே இந்த மனுஷனுக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்கு வயசாயிடுச்சு, முழங்காலும் வலிக்குது. தெம்பில்லைம்மா."

"நீங்க வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க மிஸ்" என்றேன். "இவரை நான் பார்த்துக்கறேன்."

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரிய டாக்டரின் காதில் அது விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னேன்.